துன் தான் செங் லோக்கும் குடியுரிமைக் கோரிக்கையும்

பாரோய் வட்டாரத் தோட்டங்களிலிருந்து சிரம்பான் வழியாகத் தலைநகருக்குச் செல்வோர், கோத்தா ராயாப் பக்கம் துணிமணி வாங்க இறங்கினால், ஒரு சாலையின் பெயர்ப் பலகை கண்ணில் படாமல் போகாது. 'ஜாலான் துன் தான் செங் லோக்' என்பது அதன் பெயர். அவ்வட்டாரத்திலேயே அவருடைய மகன் துன் தான் சியூ சின் பெயரிலும் ஒரு சாலை உண்டு. மலாக்கா நகரிலும் தந்தையின் பெயரைத் தாங்கிய தெரு ஒன்று இருக்கின்றது. அண்மையில் தோட்டக் கூட்டமொன்றில், பால்வெட்டும் இளைஞர் ஒருவர் எழுந்து, "அந்தப் பெரியவர் சீனர்களின் தலைவர், பெரிய முதலாளி. அவருடைய வரலாறு நமக்கு எதற்கு, ஐயா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று இரண்டு மூன்று வாக்கியங்களில் நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே இங்கே சற்று விரிவாக எழுதுகின்றேன்.

ஆசிரியர் பணியும் தோட்டத் தொழிலும்

தான் செங் லோக் 1883ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் மலாக்காவில், ஹீரன் தெரு 111ஆம் எண் இல்லத்தில் பிறந்தார். அவருடைய முன்னோர் 18ஆம் நூற்றாண்டிலேயே சீனத்தின் பூக்கியன் மாநிலத்திலிருந்து மலாக்காவுக்கு வந்து குடியேறியவர்கள். அப்படி வந்து, பல தலைமுறைகளாக இங்கேயே வாழ்ந்து, மலாய் மொழியையும் மலாய் உணவையும் உடையையும் தமதாக்கிக்கொண்ட சீனர்களைப் 'பாபா' என்று அழைப்பது நாம் அறிந்ததே. செங் லோக் அத்தகைய பாபா குடும்பத்தவர். வீட்டில் மலாயும் பள்ளியில் ஆங்கிலமும் அவருக்கு வாய்த்தன. சீன மொழியில் எழுதவும் படிக்கவும் அவருக்குப் பயிற்சி இல்லை. பிற்காலத்தில் இலட்சக்கணக்கான சீனர்களுக்குத் தலைவராக விளங்கியவர் சீன மொழியில் மேடைப் பேச்சு நிகழ்த்த இயலாதவராக இருந்தார் என்பது வியப்புக்குரிய செய்தி. அவர் ஆங்கிலத்தில் பேசுவார், வேறொருவர் மொழிபெயர்ப்பார்.

பாட்டனார் கப்பல் தொழிலிலும் கம்பீர், மரவள்ளிப் பயிர்களிலும் பெரும் பொருள் ஈட்டியவர். ஆயினும் அச்செல்வம் தந்தையார் வழியாகச் செங் லோக்கின் கைக்கு வந்து சேரவில்லை. மலாக்கா உயர்நிலைப் பள்ளியிலும் சிங்கப்பூர் ராபிள்ஸ் கல்விக் கழகத்திலும் பயின்ற அவர், இங்கிலாந்து சென்று சட்டம் படிக்க விரும்பினார். பணம் இல்லை. எனவே 1902இல் ராபிள்ஸ் கல்விக் கழகத்திலேயே ஆசிரியராக அமர்ந்து, 1908 வரை ஆறு ஆண்டுகள் பாடம் நடத்தினார். ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் இச்செய்தி எனக்குத் தனி மகிழ்ச்சி தருகின்றது. பிற்காலத்தில் அவர் அரசாங்கத்துக்கு எழுதிய நீண்ட மனுக்களைப் பார்ப்போர்க்கு, சுண்ணாம்புக்கட்டி பிடித்த கையின் பழக்கம் அவற்றில் தெரியும். ஒரு கருத்தைச் சொன்னால் அதற்கு மூன்று சான்றுகள் காட்டுவார். தத்துவ ஞானிகளின் கூற்றுகளையும் இடையிடையே எடுத்தாளுவார். சுருக்கமாக எழுதும் வழக்கம் அவருக்கு இருந்ததில்லை.

1908இல், தாயாரின் வற்புறுத்தலால் ஆசிரியர் பணியை விட்டுவிட்டு மலாக்கா திரும்பினார். தாய்வழி உறவினர் ஒருவருக்குச் சொந்தமான புக்கிட் காஜாங் ரப்பர்த் தோட்டத்தில் துணை நிர்வாகியாகச் சேர்ந்தார். அது எத்தகைய காலம் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். மலாயாவில் ரப்பரை முதன்முதலாக வாணிகப் பயிராக நட்டவர் மலாக்காவைச் சேர்ந்த தான் சாய் யான் என்ற சீனரே ஆவார். ரிட்லி என்னும் தாவரவியலாளரின் தூண்டுதலால், 1896இல் புக்கிட் லிந்தாங்கில் அவர் 40 ஏக்கரில் நட்டார். அதற்குப் பத்தாண்டுகளுக்குள் மரவள்ளிக் காடுகளும் கம்பீர்க் காடுகளும் ரப்பர்க் காடுகளாயின. 1910இல் இலண்டன் சந்தையில் ஓர் இராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விலை போயிற்று. அவ்வாண்டில்தான் செங் லோக், நண்பர்களோடு சேர்ந்து யுனைட்டெட் மலாக்கா ரப்பர்த் தோட்ட நிறுவனத்தையும் மலாக்கா பிண்டா ரப்பர்த் தோட்ட நிறுவனத்தையும் தொடங்கினார். நம் முன்னோர்க்கும் அது குறிப்பிடத்தக்க ஆண்டு. இந்தியத் தொழிலாளரை ஒப்பந்தக் கூலிகளாகக் கட்டிப்போட்டிருந்த முறை மலாயாவில் அவ்வாண்டே ஒழிக்கப்பட்டது. கங்காணிகள் மூலம் ஊர் ஊராக ஆள் திரட்டும் முறை அதன் இடத்தை முழுமையாகப் பிடித்தது. ஆக, அவர் முதலாளியான அதே அலையில்தான் நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறினார்கள்.

1929இல் அவர் சைம் டார்பி நிறுவனத்தின் இயக்குநர்களுள் ஒருவரானார். ஐரோப்பியர் கையிலிருந்த பெரிய நிறுவனமொன்றில் ஆசியர் ஒருவர் அவ்விடத்தைப் பெறுவது அந்நாளில் எளிதன்று.

சட்டமன்றத்தில் ஒரு குரல்

1912இல் மலாக்கா நகராண்மைக் கழக உறுப்பினரான செங் லோக், 1923இல் நீரிணைக் குடியேற்றங்களின் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய மூன்றும் அடங்கிய ஆட்சிப் பகுதிக்கே நீரிணைக் குடியேற்றங்கள் என்று பெயர். 1934 வரை அம்மன்றத்தில் அவர் வீற்றிருந்தார். தேர்தலில் வென்று வந்த உறுப்பினர் அல்லர், ஆளுநர் நியமித்தவர். இருந்தபோதிலும் நியமித்தவர் மனம் நோகுமே என்று வாய் மூடியிருக்கவில்லை. ஒன்றுபட்ட, தன்னாட்சி உடைய மலாயா அமையவேண்டும் என்று 1926இலேயே அவர் அம்மன்றத்தில் பேசினார். ஆசியர்க்கு அரசாங்க உயர் பதவிகளைத் திறந்துவிட வேண்டும் என்றும் வாதாடினார்.

பின்னர் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1932இல் ஓர் இராத்தல் ரப்பரின் இலண்டன் விலை 3 பென்சுக்கும் கீழே வீழ்ந்தது. தோட்டங்களில் சம்பளம் வெட்டப்பட்டது, ஆட்குறைப்பு நிகழ்ந்தது. 1930 தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளரும் அவர் குடும்பத்தாரும் அரசாங்கச் செலவில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டனர். சீனர் வரவைக் கட்டுப்படுத்தவும் அந்நியர் சட்டம் என்ற ஒன்று கொண்டுவரப்பட்டது. அச்சட்டம் 1933இல் நடைமுறைக்கு வந்தது. முன்னதாக 1932இல் அது மன்றத்தில் ஆராயப்பட்டபொழுது, செங் லோக் அதனை வன்மையாக எதிர்த்தார்.

அந்த எதிர்ப்பில் அடங்கியிருந்த வினா நமக்கும் உரியது. விலை ஏறும்போது ஆள் வேண்டும் என்று அழைத்து, விலை இறங்கும்போது அந்நியன் என்று சொல்லி அனுப்பிவிடுவது முறையா? காட்டை அழித்து நாடாக்கியவனுக்கு அந்நாட்டில் உள்ள இடம் என்ன? செங் லோக் சீனர்களை முன்னிறுத்தியே பேசினார்; தோட்டத் தமிழர்களுக்காக அவர் பேசியதாகக் கொள்வது பொருந்தாது. தொழிலாளர் சம்பளத்தைப் பொறுத்தவரை அவர் முதலாளிகளின் வரிசையில் இருந்தவர். இதனை மறைத்துப் புகழுரை எழுத நான் விரும்பவில்லை. ஆனால், இங்கே பிறந்தவனும் இதனையே வீடாகக் கொண்டவனும் இந்நாட்டவன் என்ற கொள்கை ஏற்கப்பட்டுவிட்டால், அது ஓர் இனத்தோடு நின்றுவிடக் கூடியதன்று.

பெங்களூரில் நான்கு ஆண்டுகள்

1935இல் மனைவியாரின் உடல்நலம் கருதி ஐரோப்பா சென்ற செங் லோக், 1939இல் திரும்பினார். ஜப்பானியர் படையெடுத்து வந்தபொழுது குடும்பத்துடன் இந்தியாவுக்குச் சென்று, 1946 வரை பெங்களூரில் தங்கினார். அங்கே, புலம்பெயர்ந்த சீனர்களுக்காகச் சங்கம் ஒன்றை அமைத்து, போருக்குப் பின் மலாயாவின் ஆட்சி எவ்வாறு அமையவேண்டும் என்பது பற்றி இலண்டனிலிருந்த குடியேற்ற நாட்டு அலுவலகத்துக்கு மனுக்கள் எழுதினார். இந்தியாவில் விடுதலைப் போராட்டம் உச்சநிலையில் இருந்த ஆண்டுகள் அவை.

அதே ஆண்டுகளில் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு, காலராவிலும் பட்டினியிலும் மடிந்தனர். நெகிரி செம்பிலானில் அந்தத் துயரம் தொடாத தோட்டம் அரிது. செல்வர்க்குக் கப்பல் கிடைத்தது. ஏழைக்கு ரயில் பாதை கிடைத்தது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் இக்காலத்தை எழுதுவது நேர்மையாகாது.

1947 அக்டோபர் 20

1946இல் பிரிட்டிஷார் கொண்டுவந்த மலாயன் யூனியன் திட்டம், குடியுரிமையைத் தாராளமாக வழங்க முன்வந்தது. மலாய் மக்கள், தங்கள் சுல்தான்களின் அதிகாரமும் தங்கள் தனி நிலையும் பறிபோவதாகக் கருதி, டத்தோ ஓன் பின் ஜாஃபாரின் தலைமையில் அம்னோவைத் தோற்றுவித்து எதிர்த்தனர். திட்டம் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக வரைந்த கூட்டரசு ஒப்பந்தத்தில் குடியுரிமை விதிகள் மிகவும் இறுக்கப்பட்டன. அதனை வரையும் பேச்சுகளில் சுல்தான்களும் அம்னோவும் மட்டுமே கலந்துகொண்டனர். மற்றையோரின் கருத்து பின்னரே கேட்கப்பட்டது.

இதனை எதிர்த்து 1946 டிசம்பரில் பல அமைப்புகள் ஒன்றுகூடின. தொழிற்சங்கங்கள் இருந்தன, ஜான் திவி தலைமையில் அவ்வாண்டுதான் பிறந்திருந்த மலாயா இந்தியர் காங்கிரஸ் இருந்தது, பெண்கள் அமைப்பும் இருந்தது. அந்த அகில மலாயாக் கூட்டு நடவடிக்கை மன்றத்தின் தலைவராகச் செங் லோக் தேர்ந்தெடுக்கப்பட்டார். புத்ரா என்னும் மலாய் அமைப்புகளின் கூட்டணியும் மன்றத்தோடு கைகோத்தது. சைம் டார்பி இயக்குநர் ஒருவர் தொழிற்சங்கத்தாரோடு ஒரே மேசையில் அமர்ந்து அரசமைப்புத் திட்டம் வகுத்த காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள்! 1947இல் அவர்கள் வெளியிட்ட மக்கள் அரசமைப்புத் திட்டம், மலாயாவைத் தாயகமாகக் கொண்ட அனைவர்க்கும் சமமான குடியுரிமையையும், மக்கள் தேர்ந்தெடுக்கும் சட்டமன்றத்தையும் கோரியது. மலாய் மொழியே ஆட்சிமொழி என்பதையும் ஏற்றுக்கொண்டது.

1947 அக்டோபர் 20ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது. இந்திய விடுதலைப் போராட்டத்தின் வழியாக இங்கு வந்த சொல் அது. கடைகள் அடைக்கப்பட்டன. ஈயச் சுரங்கங்கள் ஓய்ந்தன. ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டு நின்றது. செங் லோக் முதலியோரின் முயற்சியால் சீன வர்த்தகச் சங்கங்களும் ஆதரவு தந்தன. முதலாளியும் தொழிலாளியும் ஒரே நாளில், ஒரே கோரிக்கைக்காக வேலையை நிறுத்திய அரிய நிகழ்ச்சி அது. எனினும் பிரிட்டிஷார் இணங்கவில்லை. 1948 பிப்ரவரி 1ஆம் நாள் கூட்டரசு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. வர்த்தகர்கள் ஒதுங்கினர், மன்றம் சிதைந்தது.

தோல்விதான். ஆனால் அத்தோல்வியிலிருந்து செங் லோக் ஒரு பாடம் கற்றதாகவே அவருடைய பின்னைய செயல்கள் காட்டுகின்றன. நாட்டின் பெரும்பான்மையினராகிய மலாய் மக்களின் அச்சத்தைத் தீர்க்காமல், மற்றவர்களின் உரிமையைக் கடையடைப்பினால் பெற்றுவிட முடியாது என்பதே அப்பாடம்.

குண்டடியும் கூட்டணியும்

1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டோரங்களில் குடியிருந்த சீனர்கள் கம்யூனிஸ்டுகளுக்கும் இராணுவத்துக்கும் இடையே அகப்பட்டுக்கொண்டனர். 1949 பிப்ரவரி 27ஆம் நாள் மலாயா சீனர் சங்கம் தொடங்கப்பட்டு, 65 வயதான செங் லோக் அதன் முதல் தலைவரானார். அதன்பின் ஆறு வாரங்கள்தாம் கழிந்திருந்தன. ஏப்ரல் 10ஆம் நாள் ஈப்போவில் அவர் பேசிய கூட்டத்தில் கையெறிகுண்டு வீசப்பட்டது. காயமுற்ற அவர் பிழைத்தெழுந்தார். சங்கத்தை விட்டு விலகவில்லை.

அடுத்த ஆண்டுகளில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். நம் மாநிலத்தில் ரஹாங், தித்தி போன்ற புதுக்கிராமங்கள் அவ்வாறு உருவானவையே. தோட்டங்களிலும் சிதறிக்கிடந்த லயங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டு முள்வேலி போடப்பட்டதையும், வெட்டுக்காட்டுக்குச் சோறு எடுத்துச் செல்லவும் தடை இருந்ததையும் நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். புதுக்கிராம மக்களுக்கு வீடு கட்டவும் பிற உதவிகள் செய்யவும் சங்கம் லாட்டரிச் சீட்டு நடத்திப் பணம் திரட்டியது. சங்கம் அரசியலில் இறங்கிவிட்டதால் 1953இல் அந்த லாட்டரியை அரசாங்கம் தடை செய்தது.

1949இல் இனத் தலைவர்கள் கூடிப் பேசும் நல்லுறவுக் குழுவில் செங் லோக்கும் டத்தோ ஓனும் பலமுறை சந்தித்தனர். 1951இல் டத்தோ ஓன் அம்னோவை விட்டு விலகி, எல்லா இனத்தவர்க்கும் பொதுவான மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கியபொழுது செங் லோக் அதனை ஆதரித்தார். ஆனால் 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராண்மைக் கழகத் தேர்தலில் அம்னோவும் சீனர் சங்கமும் கைகோத்து நின்று, 12 இடங்களில் 9 இடங்களை வென்றன. அந்த உடன்பாட்டைச் செய்தவர்கள் தலைநகரிலிருந்த கிளைத் தலைவர்கள். முதிய தலைவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டு துங்கு அப்துல் ரஹ்மானின் பக்கம் வந்தார். 1954இல் மலாயா இந்தியர் காங்கிரசும் சேர, கூட்டணி முழுமை பெற்றது. 1955 ஜூலை 27ஆம் நாள் நடைபெற்ற முதல் பொதுத் தேர்தலில் 52 இடங்களில் 51 கூட்டணிக்குக் கிடைத்தன. அதே ஆண்டு டிசம்பரில், கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங்குடன் பாலிங்கில் நடந்த பேச்சுவார்த்தைக்குத் துங்குவுடனும் சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷலுடனும் சென்றவர் 72 வயதான செங் லோக்கே.

சுதந்திரமும் குடியுரிமையும்

இனி, இளைஞரின் கேள்விக்கு நேரான விடைக்கு வருவோம்.

1956, 1957ஆம் ஆண்டுகளில் ரீட் ஆணையம் அரசமைப்பை வரைந்தபோது, இங்கே பிறந்தோர் அனைவர்க்கும் முன்காலத்தையும் உட்படுத்திக் குடியுரிமை வேண்டும் என்று சீனச் சங்கங்கள் பல கோரின. 1957இல் அவற்றின் சார்பாளர் இலண்டனுக்கே சென்று வாதிட்டனர். செங் லோக் தம் வாழ்நாளெல்லாம் பேசிவந்த கோரிக்கைதான் அது. எனினும் அவர் அவர்களோடு செல்லாமல், துங்குவுடனும் ம.இ.கா. தலைவர் சம்பந்தனுடனும் கண்ட சமரசத்தின் பக்கம் நின்றார். அதற்காகத் தம் இனத்தாரிடையே வசைமொழிகளும் கேட்டார். முழுமையும் கிடைக்கும்வரை காத்திருந்தால் சுதந்திரமே தள்ளிப்போகும் என்று அவர் எண்ணியிருக்கவேண்டும். என் மதிப்பீட்டில், அவர் வாழ்வின் கடினமான முடிவு அதுவே.

அந்தச் சமரசத்தால் கிடைத்தது இது: 1957 ஆகஸ்டு 31ஆம் நாளிலும் அதற்குப் பின்னும் கூட்டரசில் பிறந்த குழந்தை, தாய் தந்தையர் எந்நாட்டவராயினும், பிறப்பாலேயே குடிமகன் ஆயிற்று. அதற்கு முன் இங்கே பிறந்தவர்கள், ஏழாண்டுகளில் ஐந்தாண்டு இங்கே வாழ்ந்திருந்தால், விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம். அவர்களுக்கு மலாய் மொழி அறிவும் தேவை. ஆனால் சுதந்திர நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பிப்போர்க்கு அம்மொழித் தேர்வு இல்லை.

அந்த ஓராண்டு நம் மக்களுக்கு எவ்வளவு பெரியது என்பதை அன்று பலர் உணரவில்லை. தோட்டம் தோட்டமாகச் சென்று விண்ணப்பத் தாள் நிரப்பிக் கொடுத்த தொண்டர்கள் இருந்தார்கள். இருந்தும், "இன்னும் நாலு வருஷத்தில் ஊருக்குப் போய்விடுவோம், காகிதம் எதற்கு?" என்று ஒதுங்கியவர்கள் மிகப் பலர். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள் கூச்சப்பட்டு வரிசையில் நிற்காமல் திரும்பினார்கள். என் பாட்டியாரும் அவர்களுள் ஒருவர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர், சிவப்பு அடையாள அட்டையுடனேயே கண்மூடினார்.

1962இல் அரசமைப்பு திருத்தப்பட்டது. அதன்பின் இங்கே பிறப்பது மட்டும் போதாது. பெற்றோருள் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்றாயிற்று. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் பெறவேண்டும் என்று அது விதித்தது. 1969, 1970ஆம் ஆண்டுகளில் பல்லாயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் தோட்டங்களை விட்டுக் கப்பலேறினார்கள். அவர்களுள் பலர் இங்கேயே மணந்து, இங்கேயே பிள்ளை பெற்று, போகும் ஊரில் யாரையும் அறியாதவர்கள். 1932இல் மலாக்காக்காரர் சட்டமன்றத்தில் எழுப்பிய வினா, முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து நம் பிரட்டுக் களத்தில் வந்து நின்றது.

இறுதிக் காலம்

1958 மார்ச்சில் நடந்த சங்கத் தேர்தலில், இளையவரான டாக்டர் லிம் சோங் இயூவிடம் செங் லோக் தலைமைப் பதவியை இழந்தார். ஒன்பது ஆண்டுகள் தாம் கட்டி வளர்த்த சங்கம் அது. அவ்வாண்டே அவருக்குத் துன் விருது வழங்கப்பட்டது. மகன் தான் சியூ சின் 1959இல் நிதியமைச்சரானார். 1961இல் தந்தையார் இழந்த அதே தலைமைப் பதவியையும் ஏற்றார். அதைக் காணத் தந்தையார் உயிரோடு இல்லை. 1960 டிசம்பர் 13ஆம் நாள் மலாக்காவில் துன் தான் செங் லோக் காலமானார்.

அவர் பிறந்த ஹீரன் தெருவுக்கு இப்போது ஜாலான் துன் தான் செங் லோக் என்று பெயர். குறுகிய முகப்பும் நெடுந்தூரம் உள்நோக்கிச் செல்லும் அறைகளும் கொண்ட பழைய பாபா வீடுகள் அங்கே இருபுறமும் வரிசையாக நிற்கின்றன. 1955 ஜனவரியில் துங்குவும் சீனக் கல்வி இயக்கத் தலைவர்களும் வந்து கூடிப் பேசிய 111ஆம் எண் இல்லம் அத்தெருவில்தான் இருக்கின்றது. 1910இல் அவர் தொடங்கிய யுனைட்டெட் மலாக்கா நிறுவனமும் இன்றுவரை நடைபெறுகின்றது. ரப்பர் நின்ற நிலத்தில் இப்போது பெரும்பாலும் செம்பனை நிற்கின்றது.